அந்தச் சங்கு வீட்டுக்குள் ஊதவில்லை

நடுவர் அவர்களே, என்னை ஏற்கெனவே தோற்றுப்போனவளாகப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்தோடு மல்லுக்கட்டும் அவையோரே, எல்லாருக்கும் வணக்கம்.

'சிறுவயது நினைவில் ஆழமாகப் பதிவது வீடா, ஊரா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அக்கா, வீடுதான் என்று அடித்துப் பேசிவிட்டுப் போனார். அம்மா கை ரசம், தீபாவளி எண்ணெய்க் குளியல், வெளியே பட்ட அவமானத்தை ஆற்றிய நாலு சுவர் என்று அவர் சொல்லச் சொல்ல, முன்வரிசையில் இரண்டு பேர் கைக்குட்டையை எடுத்ததை நானே பார்த்தேன். அதற்கு எதிராக 'ஊரே' என்று பேச வேண்டும். அதுவும் எந்த ஊர்? மதுரை, தஞ்சாவூர் என்று சொல்ல முடிந்தால் பாதிக் கைத்தட்டல் இப்போதே வந்திருக்கும். நான் வளர்ந்தது ஸ்விண்டனில்.

பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள். இங்கிலாந்தில், லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்திலிருந்து 77 மைல். பிரிஸ்டல் போகிறவர்கள் ஜன்னல் வழியாக ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பரில் தலையை விட்டுக்கொள்ளும் ஊர் அது. அந்த ஊரே என் மண்டைக்குள் இப்படிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்றால், நல்ல ஊரில் பிறந்தவர்கள் கதியை யோசித்துப் பாருங்கள்.

1975-ல் எனக்கு நாலு வயது. அப்பா மதுரையில் மருத்துவம் படித்துவிட்டு ஸ்விண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ராட்போர்ன் பகுதியில், செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் தெருவில் வீடு. வந்து இறங்கிய மறுநாள் விடியற்காலை இருட்டில் ஒரு சத்தம். கண்ணாடி அதிர்ந்தது. நான் அழுதேன். அம்மா எழுந்து உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தில், "மில் சங்கு ஊதிருச்சு, பால் வாங்கணும்" என்றாராம்.

அம்மா மதுரையில் ஹார்வி மில்லுக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவர். ஐயாயிரம் மைல் தாண்டி வந்து, முன்பின் தெரியாத ஊரில் கண்ணைத் திறந்தால் அதே சங்கு. இது ரயில் தொழிற்சாலைச் சங்கு. 1843-ல் ஆரம்பித்த தொழிற்சாலை. நல்ல காலத்தில் பதினாலாயிரம் பேர் வேலை பார்த்த இடம். இந்தச் சங்கு என் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று 1870-களில் பக்கத்து மாளிகைப் பிரபு ஒருவர் அரசாங்கத்துக்குப் புகார் எழுதினார். பிரபுவின் தூக்கம் போனது போனதுதான். நூறு வருஷம் கழித்து நாங்கள் போனபோதும் அது ஊதிக்கொண்டுதான் இருந்தது.

இந்த இடத்தில் எதிரணி நண்பர் ஏதோ குறித்துக்கொள்கிறார். 'பார்த்தாயா, அம்மா நினைவில் இருந்தது பிறந்த வீடு' என்று சொல்லத்தானே? ஐயா, அம்மாவுக்கு ஞாபகம் வந்தது அவர் வீட்டு நிலைக்கதவா? முற்றமா? மில் சங்கு! அது மதுரைக்குச் சொந்தமான சத்தம். கணக்கை என் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா தனியாக இருந்தார். எழுபது வயது. வந்த வாரமே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவிடம் அறிமுகம் செய்துகொண்டார்: "நான் ஐம்பது வருஷம் உள்ளே இருந்தேன்." அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் புரியும், இந்த வாக்கியம் நன்றாகவே புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் வராததுமாக, "என்னங்க, ஐம்பது வருஷம்னா கொலைக் கேஸாத்தான் இருக்கும். வேற வீடு பாருங்க" என்று ஆரம்பித்துவிட்டார். ஸ்விண்டனில் 'உள்ளே' என்றால் தொழிற்சாலைக்குள்ளே. 'எங்க அப்பா உள்ளே, அண்ணன் உள்ளே, போன மாசம் தம்பியும் உள்ளே போயிட்டான்' என்று பெருமையாகச் சொல்லும் ஊர். இது தெரிய அப்பாவுக்கே ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் எங்கள் பின்கதவு பட்டப்பகலில் பூட்டியே இருந்தது.

தாத்தா கொதிகலன் செய்தவர். இரும்புக் கொதிகலனுக்குள் உட்கார்ந்து ஆணி அறைந்து அறைந்து காது போய்விட்டது. அந்தத் தொழிலில் அது சகஜம். பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டிய கடைசி நீராவி எஞ்சின் 'ஈவ்னிங் ஸ்டார்' 1960-ல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. அதில் தன் கையும் பட்டிருக்கிறது என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். ஊரையே எழுப்பும் சங்கு அவருக்குக் கேட்காது. ஆனால் கைக்கடிகாரத்தைச் சங்குக்குத்தான் திருப்பி வைப்பார். தினமும் சாயங்காலம் வேலியோரம் வந்து நின்று, சமையலறை ஜன்னலில் தெரியும் அம்மாவிடம், "ஊதியாச்சா?" என்று கத்துவார். சங்கு ஊதியதும் அம்மா கையைத் தூக்குவார், பெரும்பாலும் கரண்டியோடு. தாத்தா திருகாணியைத் திருகிவிட்டு உள்ளே போவார். அவர் வீட்டுக்குள்ளே, சரியா?

சரி, ரசத்துக்கு வருவோம். வீடு என்றால் சமையல் என்று அக்கா சொன்னார். ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் இட்லி உண்டு. அந்த இட்லிக்கு உளுந்து எங்கிருந்து வந்தது? மாதம் ஒரு தடவை அப்பா லண்டன் டிரம்மண்ட் தெருவுக்குப் போய் வாங்கி வருவார். 1976 அக்டோபரில் பாடிங்டன் தடத்தில் 125 மைல் வேக ரயில் விட்டார்கள். ஊரே எஞ்சினைப் பேசியது; அம்மா, "இனிமே உளுந்து சீக்கிரம் வந்துரும்" என்றார். மாவு அரைத்தால் அந்தக் குளிரில் மூன்று நாளானாலும் பொங்காது. ஆங்கிலேயர் வீடுகளில் வெந்நீர்த் தொட்டியைச் சுற்றி ஓர் அலமாரி இருக்கும், துணி உலர்த்துவதற்கு. அம்மா அதில் மாவுப் பாத்திரத்தை வைத்தார். ஒரு வெள்ளிக்கிழமை மாவு அளவுக்கு மீறிப் பொங்கி, அப்பாவின் ஆஸ்பத்திரிச் சட்டைகள் நாலிலும் வழிந்து காய்ந்துவிட்டது. அப்பா அதில் ஒன்றைத் துலக்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக, வார்டில் ஒரு நர்ஸ், "டாக்டர், உங்கள் மேல் பிளாஸ்டர் காய்ந்திருக்கிறது" என்றாராம்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்ததுதானே என்பீர்கள். ஆனால் மதுரையில் இருந்திருந்தால் மாவு தானாகப் புளித்திருக்கும், யாருக்கும் நினைவும் இருந்திருக்காது. என் தங்கை மதுரைப் பாட்டி வீட்டில் ஒரு வருஷம் இருந்தாள். அங்கே தின்ற இட்லிகளில் ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். 'நல்லா இருக்கும்' என்றாள். அவ்வளவுதான். ஊர் குறுக்கே வந்து நிற்கும்போதுதான் இட்லிகூட ஒரு கதையாகிறது.

1976 கோடையை மறக்க முடியாது. ஜூன் கடைசியிலிருந்து பதினைந்து நாள், தினமும் இங்கிலாந்தில் எங்காவது ஓரிடத்தில் 32 டிகிரியைத் தொட்டது. புல் எல்லாம் வைக்கோல். குளிக்கிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொன்னார்கள். பக்கத்து வீடுகளில் மனிதர்கள் உருகி விழுந்துகொண்டிருந்தபோது எங்கள் அம்மா முதல் தடவையாக ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, "இப்பத்தான்டி மனுஷங்க இருக்கிற ஊர் மாதிரி இருக்கு" என்றார். ஆகஸ்டில் அரசாங்கம் வறட்சிக்கென்றே ஓர் அமைச்சரைப் போட்டது. அவர் வந்து சில நாட்களிலேயே மழை பிடித்துக்கொண்டது. நம் ஊரில் கழுதைக்குக் கல்யாணம் செய்வோம். அவர்கள் அமைச்சரைப் போட்டார்கள்.

வெயில் போன பிறகு அம்மாவுக்கு ஒரே இடம்தான் மிச்சம். அந்த வருஷம் ஜனவரியில் திறந்திருந்த 'ஒயாசிஸ்' நீச்சல் குளம். பெரிய கண்ணாடிக் குவிமாடம், அதற்குள் செடி கொடிகள், வெதுவெதுப்பான தண்ணீர். நாங்கள் நீந்தப் போவோம். அம்மா தண்ணீரில் கால்கூட நனைக்க மாட்டார். சேலைக்கு மேல் போட்ட கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். வெளியே பனி. மூன்று மணி நேரம் போனாலும் 'போலாம்' என்று சொல்ல மாட்டார். அம்மா முகத்தில் நான் பார்த்த நிம்மதிகளில் முதலிடம் அதற்குத்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த முகம் கிடையாது. அங்கே எப்போதும் மீட்டர் ஓடுகிறதே என்ற கவலைதான். 2020-ல் அந்தக் குளத்தை மூடிவிட்டார்கள் என்று கேட்டபோது, வீட்டை விற்ற அன்றைவிட எனக்கு அதிகமாக வலித்தது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்தது பண்டிகை. வீட்டுக்குள் நாம் கொண்டாடும் தீபாவளியே நினைவு என்றார்கள். எங்கள் வீட்டுத் தீபாவளி எப்போது வரும் தெரியுமா? பஞ்சாங்கத்தைக் கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் தெருக்கடைகளில் பட்டாசு வருவது நவம்பர் 5 ஒட்டித்தான். 1605-ல் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த கய் ஃபாக்ஸின் பொம்மையை எரிக்கும் நாள். தீபாவளி அக்டோபரில் வந்தால் அன்று பலகாரம் மட்டும். வெடிக்கு நவம்பர் 5 வரை பொறுக்க வேண்டும். தெருக்கோடியில் பழைய நாற்காலி, கட்டில் எல்லாம் குவித்து நெருப்பு வைத்திருப்பார்கள். நாங்கள் புதுத்துணிக்கு மேல் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு போய் நிற்போம். கய் ஃபாக்ஸ் எரிவதைப் பார்த்து, தங்கை ஐந்து வயது வரை அவன்தான் நரகாசுரன் என்று நம்பினாள். கிருஷ்ணர் எங்கே என்று பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறாள்.

இன்னொன்று. 1977 ஜூன், எலிசபெத் ராணி பட்டமேறி 25 வருஷம். நாடு முழுக்கத் தெருவில் மேசை போட்டு விருந்து. வீட்டுக்கு ஒரு பண்டம். அம்மா முந்தின நாளே ஊறப் போட்டு, காலை நாலு மணிக்கு எழுந்து மெதுவடை சுட்டார். நூற்றிருபது. நான் எண்ணினேன். தெருவில் யாரும் தொட மாட்டார்கள் என்று அப்பா பந்தயமே கட்டினார். அரை மணியில் தட்டு காலி! அம்மா பூரித்துப்போய்த் திரும்பிப் பார்த்தால், எதிர் வீட்டுக்காரம்மா ஒவ்வொரு வடை மேலும் சர்க்கரை தூவிக்கொண்டிருக்கிறார். நடுவில் ஓட்டை இருந்ததால் டோனட் என்று நினைத்துவிட்டார்கள். மிளகைக் கடித்த தாத்தா கண்ணில் நீரோடு, "இந்த டோனட்டில் ஏதோ இரும்புத்தூள் மாதிரி இருக்கிறது, நன்றாக இருக்கிறது" என்றார். அம்மாவின் வடையை நான் வீட்டில் ஆயிரம் தடவை தின்றிருக்கிறேன். கண்ணை மூடினால் தெரிவது சர்க்கரை தூவிய அந்த வடைதான்.

நேரமாகிறது என்று நடுவர் கையைக் காட்டுகிறார். ஆனால் அக்காவின் கடைசி வாதம் பாக்கி இருக்கிறது. அதுதான் கனமான வாதம். ஊர் நம்மை அவமானப்படுத்தும், வீடுதான் அணைத்துக்கொள்ளும் என்றார். உண்மை. எனக்கு எட்டு வயது இருக்கும். ஒருநாள் காலை பள்ளிக்கூடம் கிளம்பிக் கதவைத் திறந்தால், எங்கள் வாசல் சுவரில் வெள்ளைப் பெயின்டில் இரண்டே சொல். 'வீட்டுக்குப் போ.'

நான் அப்போது எதைப் பார்த்தாலும் சத்தமாகப் படிக்கிற வயது. இதையும் படித்தேன். படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன்: "நாம வீட்டுலதானே இருக்கோம்?"

அம்மா பதில் சொல்லவில்லை. அப்பா வந்து பார்த்தார், ஜன்னல் திரையை இழுத்துவிட்டார், கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அன்று ராத்திரி சாப்பிடும்போதும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம், இன்று வரைக்கும், எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. வீடு அணைத்துக்கொண்டது என்று அக்கா சொல்வார். எங்கள் வீடு வாயைப் பொத்திக்கொண்டது. நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு என்ன தெரியும், வேறு எங்கே போவார்கள்?

நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்தபோது தாத்தா எங்கள் சுவர் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலையில் துரு சுரண்டும் கம்பித் தூரிகை, ஒரு பக்கெட், ஏதோ நெடியடிக்கும் திரவம். 'போ' முழுசாகப் போயிருந்தது. 'வீடு' பாதி இருந்தது. அந்தச் செங்கல்லில் கம்பி உரசும் சத்தம் இருக்கிறதே, கர்ர் கர்ர் என்று, அது அவருக்குக் கேட்டிருக்காது. எனக்கு இப்போதும் கேட்கிறது. பெயின்ட் அடித்ததும் அந்த ஊர்தான். சுரண்டியதும் அந்த ஊர்தான். எது இனித்தது என்பதல்ல இங்கே தலைப்பு, எது பதிந்தது என்பதுதானே? இரண்டும் பதிந்திருக்கிறது, நடுவர் அவர்களே. நடுவில் இருந்த எங்கள் வீட்டின் மௌனம்தான் பதியவில்லை. மௌனம் எப்படிப் பதியும்?

அந்தத் தாத்தாதான் அப்பாவிடம் ஒருநாள் சொன்னார்: "டாக்டர், உங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாட்டை எங்கள் ஆட்கள் எப்போதோ செய்துவிட்டார்கள்." சும்மா பெருமையில்லை. 1847-லேயே அந்தத் தொழிலாளர்கள் கூலியில் கொஞ்சம் கொஞ்சம் பிடித்துக்கொடுத்து மருத்துவ நிதி ஒன்றை ஆரம்பித்தார்கள். வைத்தியர், மருந்து, பிற்காலத்தில் பல் வைத்தியம், குளியல் மண்டபம் எல்லாம் அதிலிருந்து வந்தது. 1948-ல் நாடு முழுக்க இலவச மருத்துவம் வந்தபோது அதற்கு முன்மாதிரிகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது அதுதான். அப்பா அன்றைக்குத்தான், ஊருக்கு வந்து அஞ்சாறு வருஷம் கழித்து, வேலிக்கு அந்தப் பக்கம் போய்த் தேநீர் குடித்தார்.

பத்து வருஷத்துக்கு முன்னால், எங்கள் பழைய வீட்டை இப்போது வைத்திருப்பவர்கள் என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்கள். சமையலறைச் சுவரை இடித்துவிட்டார்கள். வெந்நீர்த் தொட்டி அலமாரி இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நல்லா வெச்சிருக்கீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். பின்பக்கச் சந்துக்குப் போனேன். அந்த ஊரில் 'பேக்ஸீஸ்' என்பார்கள், வீடுகளின் முதுகுக்கும் முதுகுக்கும் நடுவில் ஓடும் குறுகல் சந்து. ஈரச் செங்கல் வாசம். அங்கே என் கால் தானாகவே ஒரு பள்ளத்தைத் தாண்டியது. பார்த்தேன், பள்ளம் எப்போதோ தூர்ந்துவிட்டது. என் காலுக்கு மட்டும் அது இன்னும் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, முடித்துவிடுகிறேன். அந்தத் தொழிற்சாலையை ஆரம்பித்த 'கிரேட் வெஸ்டர்ன்' ரயில் கம்பெனி பிறந்து 150 வருஷம் ஆன 1985-ல், விழா நடக்கிற வருஷமே, தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். 1986 மார்ச் 26, புதன்கிழமை. கடைசிச் சங்கு. எனக்கு வயது பதினைந்து. தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். தாத்தாவுக்கு எண்பத்தொன்று. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நின்றார். சங்கு ஊதியது. எப்போதும் போலத்தான் ஊதியது. "ஊதியாச்சா?" என்றார். அம்மா கையைத் தூக்கினார். தாத்தா கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் சாயங்காலம் நான் சமையலறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அதே நேரத்துக்குத் தாத்தா வேலியோரம் வந்து நின்றார். பழக்கமா, மறதியா, தெரியாது. "ஊதியாச்சா?" என்று கத்தினார். அம்மா என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் அரை நிமிஷம் இருந்தது. காத்திருந்தார். அப்புறம், கரண்டியோடு கையைத் தூக்கினார்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. அந்த வேலி வீட்டுக் கணக்கா ஊர்க் கணக்கா என்பதை எதிரணித் தலைவர் எழுந்து சொல்லட்டும். நான் உட்கார்ந்துகொள்கிறேன். வணக்கம்.